சோலார் ஹீட்டரை நாமே மாட்டினால் லாபமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர், "வீட்டில் எக்ஸெல் எதற்கு?" என்று கேட்கிறார்கள். ஓசூர்வாசிகளுக்கு ஒரு நல்ல வேலை சொல்கிறேன். சோலார் வாட்டர் ஹீட்டர் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் முதல் ஷிப்டுக்குக் கிளம்புபவருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாடிக்கு மாடி சோலார் தொட்டிதான். கர்நாடகத்தில் 2007-ல் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். அதைப் பார்த்து நாமும் வாங்குவதற்கு முன் கணக்கு வேண்டும்.

100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற எவ்வளவு கரண்ட் ஆகும்? ஒரு செல்லில் =100*25*4.186/3600 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 2.9 யூனிட் என்று வரும். மேகமூட்ட நாட்களைக் கழித்து வருடத்துக்கு 280 நாள் என்று வைத்தால், இரண்டு மாத பில்லில் சுமார் 135 யூனிட் குறையும்.

பலரும் தவறு செய்வது இதற்கடுத்த இடத்தில்தான். மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து, அந்தச் சராசரி விலையால் பெருக்குகிறார்கள். நம் பில் படிப்படியாக ஏறுவது. குறைகிற யூனிட், விலை அதிகமான மேல் படியில் இருந்துதான் குறையும். எனவே 135 யூனிட்டைக் கழித்துவிட்டு பில்லை மறுபடி போடுங்கள். இரண்டு பில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான மிச்சம். இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிகிற வீட்டில் மிச்சம் எதுவும் இல்லை!

உதாரணமாக, ஹீட்டர் ரூ.20,000, குறையும் யூனிட்டின் விலை ரூ.6 என்று வைப்போம். வருட மிச்சம் ரூ.4,872, நான்கு வருடத்தில் போட்ட பணம் திரும்பும். சராசரி விலை ரூ.3 என்று போட்டிருந்தால் எட்டு வருடம் என்று காட்டி உங்களைப் பயமுறுத்தியிருக்கும்.

சரி, நாமே மாட்டலாமா? ஃபிட்டர் கூலி ரூ.2,000 என்றால் அது ஐந்து மாத மிச்சம்தான். அதற்காக ரிஸ்க் எடுப்பானேன்? தண்ணீர் மட்டுமே 100 கிலோ. காற்றுக் குழாயை விட்டுவிட்டால் தொட்டி கெடும். வெயிலில் காய்ந்த கண்ணாடிக் குழாயில் பச்சைத் தண்ணீர் விட்டால் உடையும். வெந்நீர் லைனுக்குச் சாதாரண பிவிசி பைப் தாங்காது.

என் கருத்து இதுதான்: மாட்டும் வேலையை ஃபிட்டரிடம் விடுங்கள். கண்ணாடியைத் துடைப்பது, போர் தண்ணீரின் உப்புப் படிவை அவ்வப்போது வெளியேற்றுவது ஆகியவற்றை நீங்கள் செய்யுங்கள். கணக்கை மட்டும் கடைக்காரரிடம் விடாதீர்கள்!