மைலேஜைச் சாலையில் அளந்து சொல்லுங்கள்

ஒரு லிட்டர் இன்ஜின், 120 குதிரைத்திறன், லிட்டருக்கு 20 கிலோமீட்டர். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைன், 2021-இல் விற்பனைக்கு வந்தபோது சொல்லப்பட்ட கணக்கு இது. வேகமான கார் வேண்டும், பெட்ரோல் செலவும் கைமீறக் கூடாது என்று நினைக்கும் நடுத்தரக் குடும்பத்து இளைஞரை ஷோரூமுக்கு அழைத்துவர இந்த மூன்று எண்களே போதும். ஆனால், இத்தகைய டர்போ கார் எதையும் ஹைதராபாதின் உப்பலில் தினமும் அலுவலக நேரத்தில் ஓட்டுபவர், பங்க்கில் டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டால் மூன்றாவது எண் கிடைப்பதில்லை. இந்த இடைவெளியை ‘ஓட்டுகிறவர் கால் அழுத்தம்’ என்று சொல்லி ஒதுக்கிவிடும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும்.

நம் நாட்டில் விளம்பரங்களில் வரும் ‘ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ்’, காரைச் சாலைக்கே கொண்டுவராமல் அளக்கப்படுவது. ஆய்வுக்கூடத்தில் உருளைகள் மீது காரை நிறுத்தி, மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி என்ற அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். சோதனை முழுவதும் 1,180 நொடி, அதாவது இருபது நிமிடம்கூட இல்லை. நகரப் பகுதிக்கான ஓட்டத்தில் உச்ச வேகம் 50 கி.மீ.; நெடுஞ்சாலைப் பகுதியில் 90 கி.மீ. நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட அட்டவணை தரும் நேரம் 26 நொடி. சுமார் பத்து நொடியில் நூறைத் தொடும் காரை இப்படி யாரும் ஓட்டுவதில்லை. சோதனையின்போது ஏசியும் அணைந்திருக்கும்.

எல்லாக் கார்களுக்கும் சோதனை ஒன்றுதான். ஆனால், டர்போ கார்களுக்கு அது கூடுதலாகச் சாதகமாக அமைந்துவிடுகிறது. மெதுவாக ஓட்டும்போது டர்போவுக்கு அதிக வேலை இல்லை. இன்ஜின் வெறும் ஒரு லிட்டர் இன்ஜினாகக் குறைவாகவே பெட்ரோல் குடிக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் டர்போ சுழன்று, அதே சிறிய சிலிண்டர்களுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிறது. அதற்கேற்ப எரிபொருளும் கூடுதலாகப் பாய்கிறது. சுமை மிகும்போது வெப்பத்தையும் இன்ஜின் தட்டுவதையும் அடக்க, பல இன்ஜின்கள் தேவைக்கு மேலும் பெட்ரோலைத் தெளிக்கின்றன. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற சரியான விகிதம் அப்போது 12 வரைகூட இறங்கும். சோதனையில் சிறிய இன்ஜினாக நடந்துகொள்ளும் கார், சாலையில் பெரிய இன்ஜினாக மாறிவிடுகிறது.

உப்பல் சாலை இதற்குத் தக்க சான்று. வாரங்கல் தேசிய நெடுஞ்சாலை நகருக்குள் நுழையும் இடம் அது. சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட உப்பல்–நாரபள்ளி உயர்மட்டச் சாலைக்கு 2018-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பணி ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போக, தூண்களுக்கு நடுவே வாகனங்கள் ஊர்ந்தன. முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையிலேயே கழியும் பயணத்தில், ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் டர்போ விழித்துக்கொள்கிறது. ஏப்ரல், மே வெயிலில் ஏசியும் ஓய்வதில்லை. அதே கார் கட்கேசர் பக்கம் போய் வெளிவட்டச் சாலையில் ஏறினால், அங்கே அனுமதிக்கப்பட்ட வேகம் 120 கி.மீ. வரை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கில் ஏறுவதால், 90-க்கும் 120-க்கும் இடையே அந்த எதிர்ப்பு ஏறத்தாழ 78 சதவீதம் கூடுகிறது. ஊர்தலும் பாய்தலும்தான் இந்த ஊர் ஓட்டுநரின் அன்றாடம். இரண்டுமே சோதனை அட்டவணையில் இல்லை.

இதில் பாதிக்கப்படுவது குடும்ப வரவுசெலவு. மாதம் 1,000 கி.மீ. ஓடும் காருக்கு, லிட்டர் 107 ரூபாய் என்று வைத்துக்கொண்டு 20 கி.மீ. மைலேஜில் கணக்கிட்டால் செலவு 5,350 ரூபாய். மைலேஜ் 12 ஆக இறங்கினால் அது 8,900 ரூபாயைத் தாண்டும். ஆண்டுக்கு 42,800 ரூபாய் வித்தியாசம். மாதத் தவணையை ரூபாய் சுத்தமாகக் கணக்குப் பார்த்துக் கார் வாங்கும் குடும்பத்துக்கு இது சிறு தொகை இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால், அதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. அந்தச் சுமையும் சேர்ந்துகொள்கிறது.

இழப்பு வீட்டோடு நிற்பதில்லை. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.; அதைத் தாண்டினால் 40 சதவீதம். சிறிய இன்ஜின் குறைவாகக் குடிக்கும் என்ற நம்பிக்கையில் வகுத்த சலுகை இது. டர்போவின் உதவியால் பெரிய இன்ஜினின் சக்தியைத் தரும் 998 சி.சி. காரும் அதே சலுகையைப் பெறுகிறது. ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரிக் கரிம உமிழ்வு கிலோமீட்டருக்குச் சுமார் 113 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்று 2022-23 முதல் நடப்பில் உள்ள விதியும் ஆய்வுக்கூட எண்ணையே நம்பியிருக்கிறது. தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாடு, தன் எரிபொருள் கணக்கைச் சாலையில் கிடைக்காத எண்ணின் மீது எழுப்புவது சரியல்ல.

ஓட்டும் விதம் ஆளுக்கு ஆள் மாறும், எந்தச் சோதனையும் எல்லோருக்கும் பொருந்தாது என்பார்கள் உற்பத்தியாளர்கள். உண்மைதான். நெடுஞ்சாலையில் சீராக 80, 90 கி.மீ. வேகத்தில் போனால் டர்போ கார் சிக்கனமாகவே ஓடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. வோக்ஸ்வாகன் வெர்ட்டஸ் ஜி.டி.யின் 1.5 லிட்டர் இன்ஜின், சுமை குறையும்போது நான்கு சிலிண்டர்களில் இரண்டை நிறுத்தியே வைக்கிறது. ஆனால், இந்த வாதம் ஒரே ஓர் எண்ணை விளம்பரப்படுத்துவதற்கு எதிராகத்தான் நிற்கிறது. நகரத்தில் ஒன்று, நெடுஞ்சாலையில் வேறொன்று என்று தெரிந்திருந்தால், இரண்டையும் தனித்தனியே சொல்வதில் என்ன தடை?

மற்ற நாடுகள் இந்தப் பாதையில் முன்னே போய்விட்டன. அமெரிக்காவில் புதிய காரின் கண்ணாடியிலேயே நகரம், நெடுஞ்சாலை, இரண்டும் சேர்ந்தது என மூன்று எண்கள் ஒட்டப்பட்டிருக்கும். 2008-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அதிவேகம், ஏசி, குளிர் ஆகிய நிலைமைகளையும் அந்தக் கணக்கில் சேர்த்தார்கள். மைலேஜை மிகைப்படுத்திய புகாரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2014-இல் அங்கே 10 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் புதிய கார்களில் எரிபொருள் நுகர்வைப் பதிவுசெய்யும் கருவி கட்டாயம். அந்தப் பதிவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, புதிய சோதனை முறைக்குப் பிறகும் பெட்ரோல், டீசல் கார்களின் சாலை நுகர்வு ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அதாவது, சோதனையைத் திருத்தினால் மட்டும் போதாது. சாலையிலும் அளக்க வேண்டும்.

நம் நாட்டிலும் நுகர்வோர் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். லிட்டருக்கு 32 கி.மீ. என்ற விளம்பரத்தை நம்பி 2014-இல் ஃபோர்டு டீசல் கார் வாங்கிய ஒரு பெண்மணி கேரளத்தின் திருச்சூர் நுகர்வோர் ஆணையத்தை நாடினார். நிபுணர் ஓட்டிப் பார்த்ததில் கிடைத்தது 20 கி.மீ.கூட இல்லை. 2022-இல் அவருக்கு 3.10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவானது. நியாயம் கிடைக்க எட்டு ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு கார் உரிமையாளரும் இப்படி வழக்காட முடியாது.

உலகளாவிய டபிள்யு.எல்.டி.பி. சோதனை முறைக்கு 2027 ஏப்ரலில் மாறுவதற்கான வரைவைச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025-இல் வெளியிட்டது. வரவேற்க வேண்டிய முயற்சி. அது தள்ளிப்போகாமல் நடைமுறைக்கு வர வேண்டும். அதோடு மூன்று காரியங்களைச் செய்தாக வேண்டும். முதலாவது, நகர மைலேஜையும் நெடுஞ்சாலை மைலேஜையும் ஏசி இயங்கும் நிலையில் அளந்து, விற்பனைக்கு வரும் ஒவ்வொரு காரின் கண்ணாடியிலும் தனித்தனியே ஒட்டச் சட்டம் வேண்டும். பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் நட்சத்திரக் குறியீட்டைக் கட்டாயமாக்கிய அரசுக்கு இது புதிய வேலை இல்லை. இரண்டாவது, புதிய கார்கள் தாங்களே பதிவுசெய்யும் எரிபொருள் நுகர்வை, உரிமையாளரின் அடையாளம் வெளிப்படாமல் திரட்டி, மாடல் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மூன்றாவது, வரிச் சலுகையைச் சி.சி.யை மட்டும் பார்த்துத் தராமல், அந்தப் பதிவுகள் காட்டும் உண்மை நுகர்வைப் பார்த்துத் தர வேண்டும்.

வேகமான கார் வாங்குவது அவரவர் விருப்பம்; அதற்கு ஆகும் பெட்ரோல் செலவை முன்கூட்டியே அறிந்து வாங்குவது அவரவர் உரிமை. அந்த உரிமையைக் காப்பது மத்திய அரசின் கடமை. அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம்: ஷோரூமில் ‘நகரத்துக்குள் ஏசி போட்டு ஓட்டினால் எவ்வளவு தரும்?’ என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தராத இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.