கதவு உள்ளேயிருந்து திறக்குமா?

என் சித்தப்பாவை விடிகாலை ஐந்து மணிக்கு ஆம்னி வேனில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனபோது நான் பெங்களூரில் தூங்கிக்கொண்டிருந்தேன். முதல்நாள் இரவே ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன். சம்மதக் கடிதம் வாட்ஸப்பில் பிடிஎஃப்பாக வந்தது. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அவருடைய சம்மதத்துக்கு அதில் இடமே இல்லை என்பதை அப்போது கவனிக்கவில்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தெரு. நாலு பேர் வந்தார்கள். கைலியோடு தூக்கினார்கள். பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "மூணு மாசம் கண்ணுல படாம இருக்கட்டும்ப்பா, நான் தூங்கணும்" என்றார் சித்தி. அவர் மூக்கில் அப்போது தையல் இருந்தது. அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. என் கணக்கு இன்னும் மோசமானது. சர்வரை ரீஸ்டார்ட் செய்கிற மாதிரி, உள்ளே போய் மூன்று மாதத்தில் புதிதாக வருவார் என்று நினைத்தேன்.

வந்தார். பதினோராம் நாள் குடித்தார். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். வீட்டுக்குப் போன் பேச விடவில்லையாம். முதல் வாரம் கை நடுங்கி, இல்லாத பூச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தபோது டாக்டர் யாரும் வரவில்லையாம். வீட்டுக்குப் போகணும் என்று கேட்டதற்கு பிவிசி பைப்பால் அடித்தார்களாம். "அடிச்சவன் சம்பளத்துக்கு அடிச்சான்டா. காலைப் புடிச்சுக்கிட்டவன் எனக்கு ஒரு மாசம் முன்னாடி வந்து சேந்த குடிகாரன்" என்றார்.

அந்த மையத்தின் நோட்டீஸில் இருந்த வார்த்தை 'சிகிச்சைச் சமூகம்'. இந்தக் கட்டுரை அந்த வார்த்தையைப் பற்றியது. அதைத் திருடியிருக்கிறார்கள். திருடியவர்களுக்குக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

சிகிச்சைச் சமூகம் என்பது நிஜமாகவே ஒரு முறை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் இங்கிலாந்தில் மேக்ஸ்வெல் ஜோன்ஸ் என்ற மனநல மருத்துவர் மருத்துவமனை வார்டையே ஒரு சபைபோல நடத்திப் பார்த்தார். டாக்டர், நர்ஸ், நோயாளி எல்லோரும் தினமும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். வார்டை எப்படி நடத்துவது என்பதில் நோயாளிக்கும் குரல் உண்டு. போதைக்கான சமூகங்கள் அமெரிக்காவில் வேறு வேரிலிருந்து வந்தன. 1958இல் சார்லஸ் டெட்ரிச் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சினனான் அவற்றுக்கு முன்னோடி. சமையல், துப்புரவு, கணக்கு எல்லாம் அங்கே தங்கியிருப்பவர்கள் பொறுப்பு. மூத்தவர் புதியவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவார். தான் விழுந்து எழுந்த கதையைச் சொல்வார். குணமானவரே பிறகு ஊழியர் ஆவார். இதில் மருந்து என்று இருப்பதே சகமனிதன்தான்.

சித்தப்பாவின் காலைப் பிடித்தவனை இங்கே நினைத்துப் பாருங்கள். 'மூத்தவர் புதியவருக்குத் துணை' என்ற அதே விதியைத்தான் அங்கேயும் கடைப்பிடித்திருக்கிறார்கள். துணை நிற்க வேண்டியவனை அடியாளாக மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

'அப்ப இது நம்மூர்க்காரன் கெடுத்த விஷயம், வெள்ளைக்காரன் ஒழுங்கா நடத்தினான்' என்று யாரும் கிளம்ப வேண்டாம். சினனான் நாறிப்போன கதை பிரசித்தம். ஒருவரையொருவர் வசைபாடுவதையே சிகிச்சையாக வைத்திருந்த இடம் அது. பின்னாளில் 'குணமாகி வெளியே போவது' என்ற பேச்சையே எடுத்துவிட்டார்கள். ஆயுளுக்கும் உள்ளேதான் என்றானது. 1978இல் அவர்களுக்கு எதிராக வழக்காடிய பால் மோரான்ட்ஸ் என்ற வக்கீலின் தபால் பெட்டியில் விரியன் இனப் பாம்பை வைக்கும் அளவுக்குப் போனார்கள். இத்தாலியில் அதே 1978இல் தொடங்கிய சான் பத்ரிஞானோவின் நிறுவனர், ஆட்களைச் சங்கிலியால் கட்டிவைத்ததற்காக வழக்கைச் சந்தித்தார். முதல் நீதிமன்றம் தண்டித்தது, மேல்முறையீட்டில் விடுதலையானார். இந்த முறையில் ஆபத்து உள்ளேயே இருக்கிறது. கதவு மூடியதும் அது தலைதூக்குகிறது.

சங்கிலி என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் 28 பேர் செத்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. குடி, போதையோடு சேர்ந்து வரும் மனநலச் சிக்கல்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்க்க, அவருடைய பிரதிநிதி விண்ணப்பித்தால் மட்டும் போதாது. மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அப்படியே சேர்த்தாலும் முதலில் அதிகபட்சம் 30 நாள். எதிர்த்து முறையிட வாரியம் உண்டு. நான் அனுப்பிய பிடிஎஃப்பை இந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது சம்மதக் கடிதம் கிடையாது. ஆள் கடத்தலுக்குக் கொடுத்த ரசீது.

"சட்டம் பேசுறியே தம்பி, ராத்திரி கதவை ஒதைக்கிறப்ப நீ வருவியா?" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 வீடுகள்தான் வேன்காரர்களின் சந்தை. 2003லிருந்து சாராயத்தைச் சில்லறையாக விற்பது அரசாங்கத்தின் டாஸ்மாக். விற்பதற்குத் தெருவுக்குத் தெரு ஏற்பாடு செய்ய முடிந்த அரசுக்கு, நிறுத்த நினைப்பவனுக்குப் பக்கத்தில் ஒரு படுக்கை போட முடியவில்லை.

ஆனால் வழியே இல்லை என்பதும் பொய். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டிடிகே மருத்துவமனை இருக்கிறது. அங்கே மருத்துவமும் ஆலோசனையும் சேர்ந்தே நடக்கின்றன. குடும்பமும் சிகிச்சையில் பங்கெடுக்கிறது. மதுரையிலேயே அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். முதல் சில நாட்களுக்கு மாத்திரையும் டாக்டரும்தான் தேவை. அந்த நாட்களில் ஒருவரைப் பூட்டி வைத்து அடிப்பதற்குக் கொலை முயற்சி என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஏரியாவில் புட்டுத்தோப்பு இருக்கிறது. ஆவணியில் சாமி அங்கே எழுந்தருளும். கதை எல்லோருக்கும் தெரியும். வைகைக் கரையை அடைக்க வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்த சொக்கர், புட்டைத் தின்றுவிட்டு வேலை செய்யாமல் தூங்கினார். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி ஊரில் எல்லோர் முதுகிலும் விழுந்தது, ராஜா முதுகிலும். சின்ன வயதில் அதைச் சாமியின் அற்புதம் என்று கேட்டேன். இப்போது சமூகம் என்ற சொல்லுக்கு அதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒருத்தன் முதுகில் விழுவது மற்றவனுக்கும் வலித்தால் அது சமூகம். மற்றவன் காலைப் பிடித்துக்கொண்டால் அது வேறு என்னவோ.

யாரையாவது சேர்க்கப் போகிறீர்கள் என்றால் நேரில் போய்ப் பாருங்கள். பதிவுச் சான்றிதழ் கேளுங்கள். டாக்டர் எப்போது வருவார் என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் ஒருவரோடு ஊழியர் இல்லாமல் பத்து நிமிடம் பேச விடச் சொல்லுங்கள். கதவு உள்ளேயிருந்து திறக்குமா என்று பாருங்கள். இதில் எதையும் நான் கேட்கவில்லை.

சித்தப்பா இப்போது ராஜாஜியில் மாத்திரை வாங்குகிறார். நடுவில் இரண்டு முறை குடித்தார், மறுபடி போனார். தெருவில் வேன் நின்றால் இன்றைக்கும் கொல்லைப் பக்கம் போய்விடுகிறார். போன பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பேப்பர்ல கையெழுத்து நீதானடா போட்ட?"

ஆமாம் சித்தப்பா. நான்தான்.