ஏட்டைத் தின்னும் வெயில்

தை பிறந்து மழையீரம் வடிந்ததும், பரண்மேலிருக்கும் பழைய நூல்களை முற்றத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பது காவிரிப் படுகை வீடுகள் பலவற்றில் வழக்கம். பூச்சி ஒழியும், பூஞ்சணம் படியாது என்பர் பெரியோர். நோக்கம் நன்று, வழி நன்றன்று என்பதே என் துணிபு.

களத்தருகே நிற்கும் வைக்கோற்போரைக் காண்க. பிடுங்கினால் உள்ளே பொன்னிறம். புறத்தே வெளிறிய சாம்பல் நிறம். மழையோடு வெயிலுக்கும் அதில் பெரும் பங்குண்டு. வைக்கோலிலும் மரத்திலும் இழைகளைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் கரிமச் சேர்மம் புறஊதாக் கதிரை உறிஞ்சுவது. மரத்தை அரைத்துச் செய்த மலிவுத் தாளிலும் அது மிகுதி. உறிஞ்சிய ஆற்றலால் மூலக்கூற்றில் ஒரு பிணைப்பு முறிய, அதிலிருந்த இரண்டு எலக்ட்ரான்களும் பக்கத்துக்கொன்றாகப் பிரிகின்றன. இணையற்ற எலக்ட்ரானோடு எஞ்சும் துண்டே 'தனி உறுப்பு'. தனிமை என்றால் நமக்கு அமைதி தோன்றும். வேதியியலார் கூறும் இத்தனிமையோ துணை தேடி அண்டை அயலைச் சிதைக்கும் இயல்பினது! காற்றின் ஆக்சிஜனும் சேர, சிதைவு பரவுகிறது. தாள் மஞ்சளாகி வலிவு குன்றும். தாளிலுள்ள அமிலம் எஞ்சியதை முடிக்கும்.

இவ்வுறுப்புகளுட் பல இமைப்பொழுதும் நில்லாதவை. ஒரு வலிய ஒளிவீச்சால் அவற்றைத் தோற்றுவித்து, அடுத்த வீச்சால் அவற்றின் நிறமாலையைப் படமெடுக்கும் முறையை 1949 அளவில் கேம்பிரிட்ஜில் நாரிஷும் ஜார்ஜ் போர்ட்டரும் கண்டனர். 1967 இல் மான்பிரட் ஐகனோடு நோபெல் பரிசையும் பகிர்ந்து பெற்றனர்.

சரபோசி மன்னர் வளர்த்த தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1918 இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. அங்கே ஏடுகளைக் காக்க ஆளுண்டு, முறையுண்டு. நாகூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வீட்டுப் பெட்டிகளில் பாட்டன்மார் விட்டுச்சென்ற கல்லச்சு அரபுத் தமிழ்க் கிதாபுகளுக்கு அக்காவல் ஏது? மறுபதிப்புக் காணாதவையும் அவற்றுள் உண்டு.

"வெயில் படாவிடில் பூச்சி அரிக்குமே" என்பது நியாயமான வினா. ஈரத்தைப் போக்கக் காற்றே போதும். காற்றோட்டமுள்ள கூடத்தில் நிழலில் விரித்து உலர்த்துக. பெட்டியில் வசம்பை முடிந்து வைக்க. சாளரக் கண்ணாடி காக்கும் என்றும் நம்பவேண்டா. புறஊதாவின் ஒரு பகுதி அதனூடே வரும். வெயிலில் நேர்ந்த சிதைவு, பின்னர் இருட்டில் வைத்தாலும் மீளாது.

நம் வேதியியல் மாணவரும் தமிழ் மாணவரும் சேர்ந்து, வரும் தைக்கு முன் தத்தம் ஊரில் நாலு வீடேனும் சென்று இதனை எடுத்துரைக்கலாம். பெரியோர் பெட்டியைத் திறக்கும்போதே, உள்ளிருக்கும் நூல்களின் பெயரை ஒரு பட்டியலாக எழுதியும் வரலாம்.