கீழே சந்திப்போம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிச்சறுக்கு ஆடுகிறவர்கள் மத்தியில் ஒரு வாசகம் வழங்குகிறது: புதுப் பனி விழுந்த நாளில் சிநேகிதன் என்று யாரும் கிடையாது. முதலில் இறங்குகிறவனுக்கே பாக்கியம். பின்தங்கியவனுக்காகக் காத்து நிற்கிறவன் அசடு. வேடிக்கைக்குச் சொல்வதாம். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. கொஞ்சம் கொலைபாதகம் தெரிகிறது.

கடுமையான வார்த்தை என்கிறீர்களா? வாஷிங்டன் மாநிலத்துப் பேக்கர் மலையில் 1998-99 பருவத்தில் மட்டும் 95 அடிப் பனி பெய்தது. அப்படிப் பெய்கிற மலைகளில், ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் குடை பிடித்தாற்போல் பனியைத் தடுத்துவிடுகின்றன. சுற்றிலும் ஆளுயரத்துக்குப் பனி ஏற, அடிமரத்தை ஒட்டி மட்டும் பொலபொலவென்று ஒரு பள்ளம் மிஞ்சுகிறது. மரக்கிணறு என்று பெயர். நம் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவராவது உண்டு. இதைக் கிளைகள் மறைத்திருக்கும். சறுக்கி வருகிறவன் தடுமாறினால் தலைகுப்புற உள்ளே போவான். உதற உதற மேற்பனி சரிந்து மூக்கையும் வாயையும் அடைக்கும். தண்ணீரில் மூழ்குவது போலத்தான். சில நிமிஷக் கணக்கு. தாமாக முன்வந்தவர்களை அப்படிப்பட்ட குழிகளில் இறக்கிச் சோதித்தார்கள். நூற்றுக்கு 90 பேரால் தாமே வெளியேற முடியவில்லை.

'இரண்டு பேராகத்தானே போனோம்' என்பார்கள். இதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. ஒன்றாக மேலே ஏறிவிட்டு, 'கீழே சந்திப்போம்' என்று பிரிந்து, அடிவாரத்தில் காப்பியோடு இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பதற்குத் துணை என்றா பெயர்? பலகை கட்டி ஆடாதவனுக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்கலாம். ஆனால் வார்த்தைகளைக் காவல் காப்பது என் உத்தியோகம். வழித்துணை என்றால் வழியில் துணை. கீழே இருப்பவனுக்குச் சந்தேகம் தட்டும்போது, இடுப்பளவுப் பனியில் மேலே ஏறவே நேரம் போதாது. ஒருவர் கொஞ்ச தூரம் இறங்கி நிற்க, மற்றவர் பார்த்திருந்து பிறகு இறங்க வேண்டும்; கூப்பிட்டால் கேட்கிற தூரத்தை விடக் கூடாது.

கழுத்தில் விசில், மணிக்கட்டில் மாட்டாமல் விட்ட கைக்கோல் வார், புதைந்த இடத்தைக் காட்டும் கருவி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கருவி மண்வெட்டி பிடிக்காது. விழுந்தவனைக் காலைப் பிடித்து இழுப்பதும் தப்பு. தலை எங்கே என்று நிதானித்து, பக்கவாட்டில் குடைந்து, முதலில் மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். அதற்கு ஒரு மனிதன் அங்கே இருக்க வேண்டும்.

வயது வந்தவர்கள், அவரவர் சுதந்திரம் என்று சிலர் வாதாடுகிறார்கள். தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போகிறவனோடு எனக்கு வழக்கில்லை. அவன் கணக்கு அவனுக்குத் தெரியும். நான் பேசுவது மற்றவனுக்காக. மரங்களுக்கு இடையே அவன் திரும்பியதே, மேலே ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற தைரியத்தில்.