கோழியின் தீனிப்பையும் அடுத்த வீட்டுக் கண்ணும்

கோழிக்கு வியாதி வந்ததற்கு ஒரு தலையங்கமா என்று நம் வாசகர்களில் சிலர் சிரிக்கக்கூடும். தாராளமாய்ச் சிரிக்கட்டும். ஆனால் ஓர் ஏழை வீட்டில் ஒரு பெட்டைக்கோழி என்பது வெறும் கோழியல்ல. அது அந்த வீட்டின் உண்டியல், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தோழன், அவசரத்துக்குக் கைமாற்று. அப்பேர்ப்பட்ட ஜீவனுக்கு ஒரு கஷ்டம் வந்தால் மனிதன் எப்படி நடந்துகொள்ளுகிறான் என்று பார்த்தால், அவன் தன் பிள்ளைக்குக் கஷ்டம் வந்தாலும் எப்படி நடந்துகொள்ளுவான் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். ஆகவே இந்த விஷயம் சின்ன விஷயமல்ல.

சில மாதங்களுக்கு முன் நமக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். ஒரு வீட்டில் ஒரு சிறு பெண் ஆசையாய் ஒரு கோழி வளர்த்து வந்தாள். அது இடும் முட்டை விற்ற காசில்தான் அவளுக்கு நோட்டும் பென்சிலும். ஒருநாள் அந்தக் கோழி தீனி எடுக்காமல், கழுத்தடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கத்தோடு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. உடனே வீட்டார் என்ன செய்தார்கள்? வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்களா? என்ன தின்றது என்று விசாரித்தார்களா? இல்லை. முதல்நாள் அந்த வழியாய்ப் போன அடுத்த வீட்டு விதவை அம்மாள், "கோழி நல்லாக் கொழுத்திருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னாளாம். தீர்ந்தது! அந்த அம்மாளின் கண்தான் காரணமென்று தீர்ப்புச் சொல்லியாய்விட்டது. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். காலில் மந்திரித்த கயிறு கட்டினார்கள். கோழி பிழைத்தால் அதையே கொண்டுவந்து அறுக்கிறோம் என்று சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். பிழைத்தால் அறுப்பேன் என்கிற வேண்டுதலைக் கேட்டு, பேசத் தெரிந்தால் அந்தக் கோழி என்ன சொல்லியிருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்து, கோழியைத் தலைகீழாய்ப் பிடித்து வீக்கத்தை அழுத்திப் பிதுக்கினார். வாயிலும் மூக்கிலும் நாற்றத் தண்ணீர் வந்தது. கோழி இரண்டு உதறு உதறிச் செத்தது. பிறகு அறுத்துப் பார்த்தார்கள். வீக்கத்துக்குள்ளே இருந்தது என்ன? அடுத்த வீட்டு அம்மாளின் கண்ணா? இல்லை. அரிசி மூட்டை வாயைத் தைத்திருந்த நைலான் நூல் ஒரு முழம், அதோடு சுருண்ட காய்ந்த புல், ஒரு துண்டு பிளாஸ்டிக் காகிதம். அந்த நூல் அவர்கள் வீட்டு வாசலில் அவர்களே பிரித்தெறிந்த நூல்!

நிற்க. அந்த வீக்கம் என்ன என்பதை இனி ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கோழிக்குப் பல் கிடையாது. அது கொத்தி விழுங்குவது நேரே வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்தடியில், மார்புக்கு மேலே சற்று வலப்புறமாய் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. அங்கிருந்து கொஞ்சங் கொஞ்சமாய் இறங்கி, ஜீரண நீர் சுரக்கும் வயிற்றுக்கும், பிறகு கெட்டியான தசையாலான அரைக்கும் வயிற்றுக்கும் போகிறது. கோழி விழுங்கும் சிறு கற்களும் பருமணலும் அந்த அரைக்கும் வயிற்றில் தங்கி, ஆட்டுக்கல்லின் குழவி செய்யும் வேலையைச் செய்கின்றன. மாலையில் அடையப் போகும்போது தீனிப்பை புடைத்திருக்கும். இரவெல்லாம் இறங்கி, விடியும்போது காலியாயிருக்கும். இதுதான் இயற்கை.

ஆகவே சோதனை மிகவும் சுலபம். இதற்கு ஜோசியரும் வேண்டாம், குறிகாரரும் வேண்டாம். இரவு தீனி வைக்காமல் அடைத்து, விடியற்காலையில் கோழி எதையும் கொத்துவதற்கு முன் தீனிப்பையைக் கையால் மெதுவாய்த் தொட்டுப் பாருங்கள். காலியாயிருந்தால் நோய் வேறிடத்தில். கெட்டி உருண்டையாயிருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை போலத் தளதளவென்றிருந்து, வாயில் புளித்த நாற்றமும் வீசினால் அது புளிப்பு. பை தளர்ந்து தொங்கி, நடக்கும்போது ஆடினால், அதன் தசை வலுவிழந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கையும் ஒரு விடியற்காலையும் சொல்லிவிடக்கூடிய சங்கதிக்கு, ஊர் முழுவதும் ஒரு விதவையைத் தூற்றுவது எவ்வளவு பெரிய அக்கிரமம்!

அடைப்பாயிருந்தால் செய்ய வேண்டியது என்னவென்றால், கோழியை மற்றவைகளிலிருந்து பிரித்து, வைக்கோலோ புல்லோ இல்லாத வெறுந்தரைக் கூண்டில் விடவேண்டும். தானியத்தை நிறுத்தி, நல்ல தண்ணீர் வைக்கவேண்டும். சில சொட்டுச் சமையல் எண்ணெயை அலகின் ஓரமாய், அது தானே விழுங்கும்படி மெல்லவிட்டு, தீனிப்பையை விரல்களால் இதமாய்ப் பிசைந்து கொடுக்கவேண்டும். நாளைக்குப் பலமுறை, ஒவ்வொரு முறையும் சில நிமிஷம் போதும். இளகினால் இரண்டொரு நாள் குழைவான தீனி கொடுத்துப் பிறகு வழக்கத்துக்கு விடலாம். ஒரு நாளில் இளகவில்லையென்றால் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். மேற்கொண்டு பட்டினி போட்டால் பட்டினியே கொன்றுவிடும். மருத்துவர் உணர்ச்சி மறக்கச் செய்து, பையைக் கீறி அடைப்பை எடுத்துத் தைத்துவிட முடியும். பையை ஒரு தையலும் மேல்தோலை ஒரு தையலுமாய்த் தனித்தனியே தைப்பார்கள். சவரக் கத்தியும் துணி தைக்கும் ஊசியும் எடுத்துக்கொண்டு வீட்டில் அந்த வேலையில் இறங்குவது வைத்தியமல்ல, சித்திரவதை.

புளிப்பாயிருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் காண்டிடா என்னும் ஒருவகைப் பூஞ்சணம். பூசணம் பிடித்த தீனி, பையிலேயே தேங்கிக் கிடக்கும் தீனி, அளவில்லாமல் கொடுத்த கிருமிக்கொல்லி மருந்து ஆகியவைகளால் அது தலையெடுக்கிறது. அதற்கு நிஸ்டாட்டின் போன்ற பூஞ்சணக்கொல்லி உண்டு. அளவு மருத்துவர் சொல்ல வேண்டியது. "எல்லா நோய்க்கும் இந்த மாத்திரைதான்" என்று கடையில் வாங்கி, கிருமிக்கொல்லி மருந்தைக் கரைத்து ஊற்றுகிறவர்கள், நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றுகிறவர்களே. மந்திரித்த கயிற்றை நம்புவது மாத்திரம் மூடநம்பிக்கையல்ல. காரணம் தெரியாமல் மாத்திரையை நம்புவதும் மூடநம்பிக்கைதான் என்பதைப் பகுத்தறிவு பேசும் தோழர்களும் மறந்துவிடக்கூடாது.

தலைகீழாய்ப் பிடித்துப் பிதுக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். கோழியின் மூச்சுக்குழலின் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. தலைகீழாய்ப் பிதுக்கினால் தீனிப்பையின் தண்ணீர் அந்த வழியாய் நுரையீரலுக்குள் போய்விடும். மேலே சொன்ன கோழி நூலால் சாகவில்லை, வைத்தியத்தால் செத்தது.

அன்றியும், தீனிப்பை இறங்காமலிருப்பது சில சமயம் வேறொரு நோயின் அறிகுறியாகவும் இருக்கும். குடற்புழுவாலும் ஈய நஞ்சாலும் வரும். ஹங்கேரி நாட்டுக் கால்நடை வைத்தியர் மாரெக் 1907-ல் விவரித்த, நரம்புகளைத் தாக்கும் நோயாலும் வரும். பல கோழிகள் ஒரே சமயத்தில் சோர்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது ராணிக்கெட் நோய் என்கிற வெள்ளைக் கழிச்சலாயிருக்கலாம். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட அந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆனால் தடுப்பூசி உண்டு. செத்த கோழியை ஆற்றிலும் குப்பையிலும் எறியாமல் ஆழமாய்ப் புதைக்கவேண்டும்.

கண் பட்டுத்தான் கோழிக்கு நோய் வருகிறது என்பது உண்மையானால், நாமக்கல் வட்டாரத்தில் கோடிக்கணக்கான கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருக்க முடியுமா? அத்தனை கோழிகளையும் பார்த்துப் பெருமூச்சு விடாத கண் உண்டா? அங்கே வெளியாளைப் பண்ணைக்குள் விடாமல் தடுப்பது வாஸ்தவந்தான். அது அவன் கண்ணுக்குப் பயந்தல்ல. அவன் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் வரும் கிருமிக்குப் பயந்து. செருப்பைக் கழுவினால் கிருமி போய்விடும். ஒரு பெண்ணின்மேல் சுமத்திய பழி எந்தத் தண்ணீரில் கழுவினால் போகும்?

கோழி என்ன தின்றது என்று கேட்பது அற்பமான கேள்வி என்று ஒருவரும் நினைத்துவிட வேண்டாம். 1890-களில் ஜாவாவில் இருந்த டச்சு டாக்டர் ஐக்மன், தம் சோதனைச் சாலைக் கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். பிறகு அவைகள் தாமாகவே தேறிவிட்டன. அவர் பூசாரியைக் கூப்பிடவில்லை. தீனி மாறியதா என்று விசாரித்தார். ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்ததும், புதிதாய் வந்த சமையற்காரர் ராணுவச் சோற்றை ராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்கமாட்டேனென்று நிறுத்தியதும் தெரியவந்தது. அந்தக் கேள்வியிலிருந்துதான், ஆயிரக்கணக்கான மனிதர்களைக் கொன்ற பெரிபெரி நோயின் காரணம், அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறைவே என்று உலகம் தெரிந்துகொள்ள வழி பிறந்தது. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரும் கண்ணேறு என்று சொல்லி மிளகாய் சுற்றியிருந்தால் என்னவாகியிருக்கும்?

வருமுன் காப்பது இன்னும் சுலபம். மூட்டை பிரித்த நூலையும், பிளாஸ்டிக் காகிதத்தையும், நீளமாய் வெட்டிய புல்லையும் கோழி மேயும் இடத்தில் போடாதீர்கள். மாடியிலோ கூண்டிலோ அடைத்து வளர்ப்பவர்கள் ஒரு தட்டில் பருமணலும் பொடிக்கல்லும் வையுங்கள். கிளிஞ்சல் முட்டை ஓட்டுக்கு நல்லதேயொழிய, வயிற்றில் கரைந்துவிடுவதால் கல்லின் வேலையைச் செய்யாது. பூசணம் பிடித்த தீனியைக் கொட்டிவிடுங்கள். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். இதற்கெல்லாம் செலவு, மந்திரித்த கயிற்றின் விலைகூட ஆகாது.

கடைசியாக ஒன்று. நூலைக் கண்ணால் கண்ட பிறகும், அந்த வீட்டாரில் ஒருவராவது அடுத்த வீட்டு அம்மாளிடம் போய், "நாங்கள் சொன்னது தப்பு" என்று சொன்னதாகத் தெரியவில்லை. இப்போதும் அந்தத் தெருவில் கோழிக்குஞ்சைக் கண்டால் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாளாம். செத்த கோழிக்குப் பதில் வேறு கோழி வாங்கிவிடலாம். ஆனால் ஒரு மனுஷி தன் சொந்தத் தெருவில் கண்ணை நிமிர்த்தி நடக்கும் உரிமையை எந்தச் சந்தையில் வாங்கிக் கொடுப்பது?

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டுக் கோழி நாளைக்கு மூலையில் உட்கார்ந்தால், முதலில் அதன் தீனிப்பையில் கை வையுங்கள். அடுத்த வீட்டார்மேல் வாய் வைக்காதீர்கள். ஏற்கெனவே வாய் வைத்துவிட்டவர்கள் இன்றைக்கே அந்த வாசற்படி ஏறிப் போய், தப்பை ஒப்புக்கொண்டு வாருங்கள்.