முதல் இடம் வேண்டுமா? முதலில் தேதியைச் சரியாகப் போடுங்கள்!

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்த சில மாதங்களில் பலருக்கும் வரும் அடுத்த ஆசை, சொந்தமாக ஒரு வெப் சைட். எங்கள் திருவண்ணாமலையில் இந்த ஆசை சற்று அதிகம். ரூம் வாடகைக்கு விடுபவர், கார் ஓட்டுபவர், பூஜைப் பொருள் விற்பவர் எனப் பலரும் சைட் தொடங்கிவிட்டு என்னிடம் கேட்பது ஒன்றுதான். "கூகுளில் தேடினால் என் சைட் முதலில் வர என்ன வழி?"

"ஒரே மாதத்தில் முதல் இடம் கேரண்டி" என்று இமெயில் அனுப்பிப் பணம் கேட்பவர்களை முதலில் ஒதுக்கிவிடுங்கள். முதல் இடத்திற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கங்களில் சொல்கிறது.

சர்ச் இன்ஜின், கிராலர் என்னும் புரோகிராம் மூலம் லிங்க் வழியே பக்கம் பக்கமாகச் சென்று படித்து, ஓர் இன்டெக்ஸ் தயாரித்து வைக்கிறது. நாம் தேடும்போது அதிலிருந்து பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. 1998ல் லாரி பேஜும் செர்ஜி பிரினும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்திற்கு மற்ற தளங்கள் தரும் லிங்க்குகளை ஓட்டு போலக் கணக்கில் கொண்டார்கள். உடனே லிங்க் விலைக்கு வாங்குவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்து வைப்பது போன்ற தந்திரங்கள் வந்தன. பலன்? 2006ல் பி.எம்.டபிள்யூ கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே கூகுள் சில நாட்கள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனத்திற்கே அந்த நிலை என்றால், நான்கு ரூம் லாட்ஜ் எம்மாத்திரம்?

ஆனால் தண்டனைக்குப் பயந்து நேர்மையாக இருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் விஷயம் அதைவிடப் பெரியது. கார்த்திகை தீபம் 2023ல் நவம்பர் 26. 2024ல் டிசம்பர் 13. 2025ல் டிசம்பர் 3. பவுர்ணமி திதியோ பெரும்பாலும் ஒரு நாள் தொடங்கி மறுநாள் முடியும். பழைய பக்கத்தின் தலைப்பில் ஆண்டை மட்டும் மாற்றி, உள்ளே உள்ளதை அப்படியே விட்டால் தேடல் முடிவில் புதியது போலத் தெரியும். அதை நம்பி வரும் குடும்பத்தின் கதி? 2024 டிசம்பர் 1 அன்று பெஞ்சல் புயல் மழையில் இங்கே மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்கள் மலை ஏற அனுமதி இல்லை. முந்தைய ஆண்டின் தகவலை வைத்திருந்த பக்கம் எத்தனை மேலே வந்ததோ, அத்தனை பேரை அது ஏமாற்றியிருக்கும்.

எனவே நேர்வழி என்பது தேடி வருபவருக்கு உதவுவதுதான். என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பக்கத்திற்கும் உள்ளே இருப்பதைச் சொல்லும் தனித் தலைப்பு கொடுங்கள். ரூம் வாடகையையும் தொலைபேசி எண்ணையும் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் டைப் செய்யுங்கள். தமிழை யூனிகோடில் அமையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த நோட்டீஸை அப்படியே ஒட்டினால், கிராலருக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் டி மட்டும் போட்டும் எழுதுகிறார்கள், எச் சேர்த்தும் எழுதுகிறார்கள். இரண்டையும் இயல்பாக ஓரிடத்தில் குறிப்பிட்டால் போதும். ஐம்பது முறை வேண்டாம். கீவேர்ட்ஸ் மெட்டா டேக்கை நிரப்பி நேரத்தை வீணாக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009லேயே கூகுள் அறிவித்துவிட்டது. மொபைல் போனில் உங்கள் தளம் சரியாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அதில் தளத்தைப் பதிந்தால், எந்தச் சொற்களைத் தேடி உங்களிடம் வருகிறார்கள் என்று தெரியும்.

"நேர்மையாகச் செய்தால் மெதுவாகத்தானே வரும்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். "திருவண்ணாமலை ஹோட்டல்" என்று தேடினால் பெரிய புக்கிங் தளங்களை முந்துவது கடினம். ஆனால் படி ஏற முடியாத அம்மாவுக்குத் தரைத்தள ரூம் தேடும் மகன் அவ்வளவு பொதுவாகத் தேட மாட்டார். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் எந்த லிங்கத்தின் அருகே உங்கள் இடம் இருக்கிறது, பவுர்ணமி அன்று வண்டி எதுவரை வரும், இரவு எத்தனை மணிவரை கதவு திறந்திருக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதை எழுதுங்கள். அங்கே உங்களுக்குப் போட்டி குறைவு.

தீபம், கிரிவலம் பற்றிய தேதிகளைக் கோயில் நிர்வாகமும் மாவட்ட நிர்வாகமும் வெளியிடும் அறிவிப்போடு ஒப்பிட்டு, பக்கத்தைத் திருத்திய நாளையும் கீழே குறிப்பிடுங்கள். உறுதியாகாத தேதியை எடுத்துவிடுங்கள். தளத்தில் இன்றே செய்யக்கூடிய, காசு செலவில்லாத முதல் வேலை அதுதான்.