செப்பேட்டில் ஒரு பேக்கப்

2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோவிலில் குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்கப் பள்ளம் தோண்டினார்கள். மண்ணுக்குள் இருந்து ஐம்பொன் சிலைகள் வந்தன. கூடவே நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகள். அவற்றில் இருந்தவை தேவாரப் பதிகங்கள்! ஞானசம்பந்தர் பிறந்த ஊரிலேயே கிடைத்ததால் செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது.

கணினி படிக்கிறவர்கள் கண்ணுக்கு இது வேறு மாதிரியும் தெரியும். இது ஒரு பேக்கப். ஓலையைக் கரையான் தின்னும், செம்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனால் இப்படி ஒரு பேக்கப் இருப்பதே தெரியாமல் இருந்த காலத்தில் தேவாரத்தைக் காப்பாற்றியது எது? ஓலைகளும், பிறகு வந்த அச்சுப் புத்தகங்களும், சந்நிதியில் நின்று தினமும் பாடிய ஓதுவார்களும்தான். தினமும் பாடுகிறவருக்கு ஒரு வரி மறந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். புதைத்து வைத்தது பேக்கப் என்றால், பாடிக்கொண்டே இருப்பது ரீஸ்டோர். நம்முடைய சர்வர் அறைகளில் முதலாவது மட்டும்தான் இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

பெரிய நிறுவனங்களும் இதில் விலக்கு இல்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப்புக்கென்று ஐந்து வழிகள் வைத்திருந்தார்கள், அவசரத்துக்கு ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தினசரி பேக்கப் மென்பொருளின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு ஒத்துப்போகாததால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த நகல் இருந்ததோ வேகம் குறைந்த நெட்வொர்க் வட்டுகளில். திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம்! ஆக, தரவு இருந்தால் மட்டும் போதாது, அது திரும்பி வரும் வழியும் சரியாக இருக்க வேண்டும்.

பேக்கப்புக்குத் தனி நெட்வொர்க் இணைப்பு போடுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான். அன்றாட வேலை மெதுவாகாது. ஆனால் அந்தத் தனி வழியின் விவரங்கள் எங்கே இருக்கின்றன? இரண்டாவது நெட்வொர்க் கார்டின் ஐபி முகவரி, ரூட், ஹோஸ்ட்ஸ் ஃபைல் எல்லாம் செத்துப்போன சர்வருக்குள்ளேயே. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை!

அவசரமாக எழுப்பிய புதிய சர்வருக்கு அந்த வழி தெரியாது. பேக்கப் சர்வரின் பெயரைக் கேட்டால் பொது நெட்வொர்க்கின் முகவரியே கிடைக்கும். ஒன்று ஃபயர்வால் தடுக்கும், அல்லது தரவு ஆபீஸ் லைனில் ஊர்ந்து வரும். 500 ஜிபி தரவு 100 எம்பிபிஎஸ் வேகத்தில் வர 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு ஜிபிபிஎஸ் தனி இணைப்பில் சுமார் ஒரு மணி நேரம்தான். இரண்டு கார்டுக்கும் டீஃபால்ட் கேட்வே கொடுத்துவிட்டால் கோரிக்கை ஒரு வழி போய், பதில் வேறு வழி போகும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிங் அடித்தால் பதில் வரும், ரீஸ்டோர் மட்டும் பாதியில் நிற்கும். பேக்கப் சர்வரில் எம்டியு 9000, நடுவில் உள்ள ஸ்விட்சில் 1500 என்று இருந்தால் சின்னப் பாக்கெட் போகும், பெரியது போகாது. உடைக்காத பெரிய பாக்கெட்டாக அனுப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"சின்ன ஆபீசுக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்கலாம். 2022 நவம்பரில் இதே சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழை சின்ன ஆபீஸ், பெரிய ஆபீஸ் என்று பார்த்தா பெய்கிறது? உரக்கடையின் கடன் கணக்கும் பள்ளிக்கூடத்தின் மதிப்பெண் பட்டியலும் மேஜைக்குக் கீழே இருக்கும் ஒரு பெட்டியில்தான் இருக்கின்றன.

பெரிய செலவும் வேண்டாம். மாதம் ஒரு நாள், ஒரு பழைய கணினியில், அதே தனி இணைப்பு வழியாக ஒரு ஃபோல்டரையாவது திரும்ப எடுத்து, திறந்து படித்துப் பார்க்கட்டும். எத்தனை நிமிடம் ஆனது என்று குறிக்கட்டும். ஐபி விவரங்களைக் காகிதத்தில் எழுதி வேறு கட்டிடத்தில் வைக்கட்டும்.

செப்பேடு அதிர்ஷ்டத்தில் கிடைத்தது. பதிகம் பிழைத்ததோ பாடிக்கொண்டே இருந்ததால். திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.